கேட்பவரையும் சேர்த்து

மளிகைக்கடைக்காரர் ஒரு நாள் விளக்குக் கம்பத்துக்கு வணக்கம் வைத்தார். எல்லாம் அதில்தான் தொடங்கியது.

அவர் புதுக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கடைப் படியிறங்கியிருந்தார். எதிரே ஒல்லியாக, நெடுநெடுவென்று யாரோ நின்றார்கள். தெரிந்தவராக இருக்கும் என்று கைகூப்பினார். பதில் இல்லை. திமிரைப் பார் என்று முணுமுணுத்துவிட்டு நடந்தவர், அடுத்த கம்பத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். புடைப்போடு திரும்பி வந்து, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, மூச்சு விடாமல் தமிழில் பொரிந்து தள்ளினார். கண்ணாடிக்காரருக்கு அதில் ஒரு சொல்லும் புரியவில்லை. தொனி மட்டும் நன்றாகப் புரிந்தது.

கண்ணாடிக்காரர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் அவருக்கு அயல்மொழி. தெருவில் தமிழ்க் குடும்பங்கள் பெருகியபோது, ஊர்மொழி எழுத்து தெரியாதவர்கள் பார்வைப் பரிசோதனைக்கு வந்து பலகைமுன் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்தார். மனது கேட்கவில்லை. தமிழ் எழுத்துகளில் ஒரு பலகை செய்து மாட்டினார். மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சிறியது. ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன ஒலி என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டார். ஒலி சரியாக வந்தால் கண் சரி. ஒலி தப்பினால் கண் கோளாறு. எளிய ஏற்பாடு.

பலகையின் நடுவில் ஒரு ‘ழ’ இருந்தது. மளிகைக்கடைக்காரர் அதைப் பார்த்து ‘ள’ என்றார். கண்ணாடிக்காரர் பவரைக் கூட்டினார். மறுபடியும் ‘ள’. இன்னும் கூட்டினார். பானையின் அடிப்பாகம் போன்ற கண்ணாடிக்குப் பின்னாலிருந்தும் அதே உறுதியோடு ‘ள’ வந்தது. பிறந்ததிலிருந்து ‘ழ’வை ‘ள’ என்றே சொல்லி, ‘ள’வாகவே விற்று, ‘ள’வாகவே வாழ்ந்தவர் அவர். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

நெற்றியில் ஒத்தடம் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, கண்ணாடிக்காரர் அன்று மாலையே சலவைக்கடை மாடிக்கு ஏறினார். அங்கேதான் டீச்சர் வகுப்பு நடத்தினார்.

டீச்சர் பகலில் டீச்சர் இல்லை. நகராட்சியின் குடிநீர்ப் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவர். காலையிலிருந்து சாயங்காலம்வரை காதில் ஊர்க்குழாயெல்லாம் ஒழுகும். கணவர் இளம் வயதிலேயே போய்விட்டார். பெண்ணை ஒற்றையாளாக வளர்த்தார். அந்தப் பெண் லிப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போய், நட்டும் போல்ட்டுமாகப் பேசத் தொடங்கிய பிறகு, மாலை நேரத்தில் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் போனது. பேசாமல் டீச்சரால் இருக்க முடியாது. அதனால் ஊர்க்காரர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கக் கிளம்பினார். காரணம் அவ்வளவுதான். மொழித்தொண்டு, அது இது என்று யாராவது சொன்னால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சிரிப்பு வந்தால் டீச்சரால் நிற்க முடியாது. கரும்பலகையைப் பிடித்துக்கொள்வார். அதற்குச் சக்கரம் உண்டு. சிரிப்பு முற்றினால் பலகையும் டீச்சருமாக ஜன்னல்வரை உருண்டு போவார்கள்.

அறையும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. கீழே துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஓடுவதால் தரை எப்போதும் வெதுவெதுப்பு. காலணியைக் கழற்றிவிட்டு உட்காருவார்கள். பெரிய இயந்திரம் வேகமெடுக்கும்போது மேசைகள் லேசாக நடுங்கும். அப்போது உச்சரிக்கிற எந்தச் சொல்லிலும் கொஞ்சம் ‘ர’ கலந்துவிடும்.

வகுப்பில் பாடப்புத்தகம் கிடையாது. ஒவ்வொருவரும் அன்றைய நாளிலிருந்து ஒரு வாக்கியம் கொண்டுவர வேண்டும். அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து அதைப் பழுது பார்ப்பார்கள். “தப்பு பண்ணுங்க. ஆனா சத்தமாப் பண்ணுங்க. முணுமுணுன்னு சொன்ன தப்பை என்னால எடுக்க முடியாது” என்பார் டீச்சர்.

வகுப்பின் மூத்த மாணவி ஒரு நர்ஸ். அவர் வந்த கதையே தனிக் கதை. ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் கழிப்பறைக்கு வழி எங்கே என்று கேட்டிருக்கிறார். நர்ஸுக்குத் தெரிந்திருந்த ஒரே தமிழ்ச்சொல் ‘வலி’. வலி எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டார். பெரியவர், ஆமாம், வழி எங்கே என்றார். இப்படியே இருவரும் மாறி மாறி அன்போடு கேட்டுக்கொண்டிருக்க, கடைசியில் பெரியவருக்கு வழியும் தேவைப்படவில்லை. படுக்கைவிரிப்பை மாற்றிவிட்டு நர்ஸ் நேராக வகுப்பில் சேர்ந்தார். முதல் நாள் அவர் கொண்டுவந்த வாக்கியம்: “நான் தாத்தாவை மாடிக்குக் கொன்னு வந்தேன்.” ‘கொண்டு’ என்பதைத்தான் அப்படிச் சொன்னார். டீச்சரும் பலகையும் அன்று ஜன்னலைத் தொட்டார்கள்.

இந்தக் கூட்டத்துக்குள் கண்ணாடிக்காரர் வந்து, ஓர் ஓரத்தில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்கு மேலேயே தம்பியோடு குடியிருந்தார். எதைச் செய்தாலும் மெதுவாக, துடைத்துவிட்டுச் செய்வார். பேசுவதற்குமுன் உதட்டைக்கூடத் துடைத்துக்கொள்வார். மளிகைக்கடைக்காரர் கதையைப் பாதி ஊர்மொழியிலும் பாதி சைகையிலும் அவர் சொல்லி முடித்தபோது டீச்சர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். நிமிர்ந்ததும் சொன்னார்: “அது கண் கோளாறு இல்லைங்க. நாக்குக் கோளாறு. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு உண்டு. அதுக்கெல்லாம் கண்ணாடி போட்டா ஊர்ல ஒரு கம்பமும் மிஞ்சாது.”

கண்ணாடிக்காரருக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்தாகத்தான் கேட்டன. மூன்றையும் டீச்சர் மாற்றி மாற்றிச் சொல்வார். அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஒயின் ருசிப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார். பிறகு தவறான விடையை மிகுந்த மரியாதையோடு சொல்வார். “உங்க காதுக்கு ஒரு கண்ணாடி போடணும்” என்றார் டீச்சர். அவர் அதையும் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு எழுதி வைத்தார்.

எழுத்துகூட ஒருவழியாகப் பிடிபட்டது. அவர் வழுக்கி விழுந்தது வேறு இடத்தில்.

ஊர்மொழியில் ‘நாம’வுக்கும் ‘நாங்க’வுக்கும் ஒரே சொல்தான். டீச்சர் இதை விளக்க வாசற்கதவையே எடுத்துக்கொண்டார். நர்ஸைப் படிக்கட்டில் நிற்கவைத்து, “நாங்க உள்ள இருக்கோம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். திறந்து, நர்ஸைக் கையைப் பிடித்து இழுத்து, “நாம உள்ள இருக்கோம்” என்றார். யாரிடம் பேசுகிறோமோ அவரும் கணக்கில் உண்டென்றால் நாம. இல்லையென்றால் நாங்க. எல்லாருக்கும் புரிந்தது. நர்ஸுக்குப் படிக்கட்டின் குளிரோடு சேர்த்துப் புரிந்தது.

கண்ணாடிக்காரருக்கும் புரிந்தது. ஆனால் அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு அவர் முகத்தில் கதவைச் சாத்துவதா? நாகரிகமானவர்கள் எப்படி ‘நாங்க’ என்ற சொல்லை வாயில் எடுக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. அன்றே மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்தார். தான் பேசினால் ‘நாம’ மட்டும்தான். கதவு திறந்தே இருக்கட்டும்.

விளைவு அடுத்த வகுப்பிலேயே தெரிந்தது. தம்பியோடு சினிமாவுக்குப் போய்வந்ததை அவர் வாக்கியங்களாகக் கொண்டுவந்திருந்தார். எழுந்து, உதட்டைத் துடைத்து, டீச்சரைப் பார்த்துச் சொன்னார்:

“நேத்து நாம சினிமாவுக்குப் போனோம். இருட்டுல நாம அழுதோம். அப்புறம் நாம ஒரே ஐஸ்கிரீமை ரெண்டு கரண்டியில சாப்பிட்டோம்.”

நர்ஸ் திரும்பி டீச்சரைப் பார்த்தார். பின்வரிசை முழுவதும் டீச்சரைப் பார்த்தது. டீச்சரின் காது மடல் சிவந்தது.

“நாங்க” என்றார் டீச்சர். “நாங்க போனோம். நாங்க அழுதோம். நான் வரலை. எனக்கு அந்த ஐஸ்கிரீம் கிடைக்கலை.”

“மன்னிக்கணும் டீச்சர். நாளைக்கு வாங்கிட்டு வரேன்” என்றார் கண்ணாடிக்காரர்.

பலகை உருண்டது.

அவர் திருந்தவில்லை. டீச்சரும் விடவில்லை. இவர் நாம என்பார், அவர் நாங்க என்பார். வகுப்பில் இது ஒரு தாளம் மாதிரி ஆகிவிட்டது. மற்றவர்கள் தம் வாக்கியங்களைத் தயார் செய்துகொள்ள அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். டீச்சர் பலகையைப் படிக்கும்போது புருவத்தைச் சுருக்குகிறார். அவருடைய கண்ணாடி அவருக்குப் போதாது. இதைத் தமிழில் சொல்ல அவருக்குச் சொற்கள் பற்றவில்லை. “உங்க கண் பொய் சொல்லுது” என்று முடித்தார். டீச்சர் அதைத் திருத்த வாய் திறந்து, திருத்த ஒன்றுமில்லை என்று கண்டு மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை டீச்சர் அவர் கடைக்குப் போனார். உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் எல்லாம் தலைகீழானது. இங்கே இவர் மாணவி. கண்ணாடிக்காரர் கனமான இரும்புச் சட்டத்தை அவர் மூக்கில் பொருத்தி, ஒவ்வொரு வில்லையாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டார். “இது நல்லா இருக்கா? இல்லை, இது நல்லா இருக்கா?” வகுப்பில் தடுமாறும் குரல் அது இல்லை. நிதானமான குரல். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்கிற குரல். ‘நல்லா’வில் ‘ல்’ சுத்தமாக விழுந்தது. இந்த ஒரு வாக்கியத்தை இவர் வீட்டில் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும் என்று டீச்சர் நினைத்தார். நினைத்ததும் பலகையில் இருந்த ‘கா’வை ‘நா’ என்று படித்துவிட்டார்.

“நிதானமா. தப்பு பண்ணுங்க. சத்தமாப் பண்ணுங்க” என்றார் கண்ணாடிக்காரர்.

டீச்சருக்குப் பிடித்துக்கொள்ள அங்கே பலகை இல்லை. மேசை விளக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விளக்கு அணைந்தது.

புதுக் கண்ணாடியில் ஊர் கூர்மையாக இருந்தது. மரத்தில் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. வீட்டில் மகளைப் பார்த்து, “உனக்கு இந்த மச்சம் எப்ப வந்துச்சு?” என்று கேட்டார். பிறந்தபோதே இருந்தது என்றாள் மகள்.

இந்த அளவில் எல்லாம் நின்றிருக்கலாம். கண்ணாடிக்காரர் வீட்டுக் குழாய் நிற்கவிடவில்லை.

ஓர் இரவு அவர் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது. அண்ணனும் தம்பியும் விடியும்வரை வாளியோடு போராடினார்கள். காலையில் அவர் புகார்ப் பிரிவை அழைத்தார். எடுத்தது டீச்சர். குரலைக் கேட்டதும் கண்ணாடிக்காரருக்குக் கவலையெல்லாம் பறந்துபோனது. ஊர்மொழி மறந்துபோனது. அன்றைய வாக்கியத்தை அங்கேயே சொன்னார்.

“டீச்சர், நான்தான். நம்ம வீட்டுல குழாய் ஒழுகுது. நேத்து ராத்திரி பூரா நாம தூங்கவே இல்லை. நாம ரெண்டு பேரும் நல்லா நனைஞ்சுட்டோம்.”

டீச்சருக்கு வியர்த்தது. அந்தத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும். குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்டுல” என்று திருத்தினார்.

எங்கே என்று கேட்கிறார் போல என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார். “சமையல் ரூம்ல” என்றார்.

புகார்ப் பிரிவில் வேற்றுமொழி அழைப்பு வந்தால் மேற்பார்வையாளர் அதைத் தனியாகக் கேட்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் டீச்சரின் பக்கத்து சீட்டுத் தமிழ் அக்காவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். அக்கா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். ஊர்மொழியில் இருப்பது ஒரே ‘நாம்’தானே. எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, நாங்கள் தூங்கவில்லை, நனைந்துவிட்டோம் என்றுதான் மேற்பார்வையாளருக்குக் கேட்டது. வழக்கமான புகார். ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். மொழிபெயர்ப்பில் உதிர்ந்துபோனதையெல்லாம் அக்கா முந்தானையில் பத்திரமாக முடிந்துகொண்டார். மாலைக்குள் அது மளிகைக்கடையை எட்டிவிட்டது.

மகள் அதை ஒரு லிப்ட் குழிக்குள் கேட்டாள். லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். குழியில் ஒலி நன்றாக ஏறும். கீழ்த்தளத்தில் லிப்டுக்காகக் காத்திருந்த இரண்டு பெண்கள் தன் தாய் நனைந்த விதத்தை விவரமாக ஆராய்ந்துகொண்டிருந்ததை முழுவதும் கேட்டாள். வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

“ஏம்மா, நேத்து ராத்திரி நீ எங்க நனைஞ்ச?”

“அது இலக்கணப் பிழைடி.”

“எது பிழை? நனைஞ்சதா, நாமவா?”

டீச்சர் ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கதவு, ஐஸ்கிரீம், விளக்கு. சொல்லும்போதே இரண்டு முறை சிரிப்பு வந்து கதை நின்றது. மகள் கேட்டு முடித்துவிட்டு, பழுது எங்கே என்று பார்க்கிற தன் வழக்கப்படி, ஒரு கேள்வி கேட்டாள்.

“கொஞ்ச நாளா நீ அவரைத் திருத்துறியா?”

“போன்ல திருத்தினேனே.”

“வகுப்புல?”

டீச்சர் யோசித்தார். கொஞ்ச நாளாகவே திருத்துவது நர்ஸ்தான். தான் எப்போது நிறுத்தினோம் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த ‘நாம’ வரும் நேரத்துக்காகத் தான் காத்திருப்பது மட்டும் இப்போது தெரிந்தது. கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினார். இந்த வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்த மனிதர் சொல்வது பிழை. வெறும் பிழை. ஒரு மாணவரின் பிழையைப் பிடித்துக்கொண்டு மனக்கோட்டை கட்டுகிற டீச்சர் எங்காவது உண்டா? அவர் ‘நாம’ என்று சொல்வது தன்னையும் சேர்த்தா, இல்லை நாக்கு பழகாமலா? கேட்கவும் முடியாது. கேட்டால் கற்றுக்கொண்டுவிடுவார். கற்றுக்கொண்டால் நாம போய்விடும்.

கேட்காமலே அது நடந்தது.

மளிகைக்கடைக்காரர் கண்ணாடிக்கடைக்கு வந்து, ஒரு கண்ணைச் சிமிட்டி, டீச்சரோடு நன்றாக நனைந்தீர்களா என்று கேட்டு, கம்பத்துக் கணக்கையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டார். தான் ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தோம் என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று கடையை மூடிவிட்டுத் தம்பியைக் கதவுக்கு வெளியே நிறுத்திப் பயிற்சி செய்தார். சாத்தினார், திறந்தார், சாத்தினார்.

அடுத்த வகுப்பில் எழுந்து, உதட்டைத் துடைத்து, தரையைப் பார்த்துச் சொன்னார்: “நாங்க குழாயைச் சரி பண்ணிட்டோம். நாங்க இப்ப நல்லாத் தூங்குறோம்.”

ஒரு பிழையும் இல்லை. நர்ஸ் கைதட்டினார். பின்வரிசை கைதட்டியது. டீச்சரும் தட்டினார். வீட்டுக்குப் போய், பாடம் நன்றாகப் போனது என்று மகளிடம் சொன்னார். மூன்றாவது மாடியில் தண்ணீர் வரவில்லை என்று புகார் எழுதிக்கொள்கிற குரலில் சொன்னார்.

பிறகு வகுப்புக்கு வகுப்பு நாங்க, நாங்க, நாங்க. மனிதர் ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. டீச்சர் நல்ல டீச்சராக இருந்ததற்கு வாழ்க்கையில் முதன்முறையாக வருத்தப்பட்டார். பலகை இருந்த இடத்திலேயே நின்றது. கீழே இயந்திரம் அதிர்ந்தால்தான் அது கொஞ்சம் நகர்ந்தது.

அப்படி ஒரு மாலை. எல்லாரும் தத்தம் வாக்கியத்தைச் சொல்லி முடித்திருந்தார்கள். டீச்சர் சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே, இன்றைக்கு நாம, நாங்க இரண்டையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம் என்றார். யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. வகுப்பில் எல்லாருக்கும் அது தெரியும். நர்ஸ் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டீச்சர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். புதுக் கண்ணாடியில் அவர் கோட்டுப் பொத்தானில் இருந்த நூல்கூடத் தெரிந்தது.

“நீங்க. நாம வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க.”

கண்ணாடிக்காரர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

“எனக்குத் தெரிஞ்ச நாம எல்லாம் தப்பு டீச்சர்.”

“தப்புன்னா நான் திருத்துறேன். அதுக்குத்தானே இங்க நிக்கிறேன். சொல்லுங்க.”

அவர் உதட்டைத் துடைக்க மறந்துபோனார்.

“ஞாயித்துக்கிழமை நாம மீன் பிடிக்கப் போறோம்.”

“நாங்க” என்றார் டீச்சர். மனம் அதைக் கேட்டு முடிப்பதற்குள் வாய் திருத்திவிட்டது. இத்தனை வருடப் பழக்கம். சொன்ன மறுகணம் அந்த வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“இல்லை டீச்சர்” என்றார் கண்ணாடிக்காரர். “நாம.”

கீழே பெரிய இயந்திரம் தன் சுற்றை முடித்துக்கொண்டு நின்றது. அறையில் அப்படியொரு அமைதியை யாரும் அதுவரை கேட்டதில்லை. நர்ஸ் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

டீச்சர் சுண்ணக்கட்டியை வைத்தார். அதை மறுபடி எடுத்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க. உச்சரிப்புக்காக.”

“நாம.”

“நாம சரி” என்றார் டீச்சர். குரல் நடுங்கியது, இயந்திரம் நின்றிருந்தும். “போறோம்தான் தப்பு. கேட்டுக்காம முடிவு பண்ணக் கூடாது. போலாமான்னு கேக்கணும்.”

“நாம போலாமா?”

“போலாம்” என்றார் டீச்சர். பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டார். அது உருண்டு ஜன்னலில் மோதி, அங்கிருந்து திரும்பிப் பாதி அறை வந்தது. சலவைக்கடைக்காரம்மா என்னவோ உடைந்துவிட்டதென்று மாடிக்கு ஓடி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஒரு மீனும் கிடைக்கவில்லை. டீச்சர் பேசிய பேச்சுக்கு மீன்கள் அக்கரைக்குப் போயிருக்கும் என்று தம்பி சொன்னார். அடுத்த ஞாயிறும் போனார்கள். அதற்கடுத்ததும்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. பக்கத்து சீட்டு அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்று கடைசிவரை சொல்லித் திரிந்தார். மளிகைக்கடைக்காரர் வாழ்த்துச் சொன்னார். அதில் மூன்று ‘ழ’ இருந்தன. மூன்றும் ‘ள’வாக வந்தன. கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்க கண் ரொம்ப நல்ல கண்” என்றார்.

வீட்டில் அவர் டீச்சரை டீச்சர் என்றே கூப்பிட்டார். டீச்சர் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் அவரைத் திருத்திக்கொண்டிருந்தார். அவரும் சும்மா இல்லை. டீச்சரின் ஊர்மொழியில் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். முப்பது வருடமாகப் புகார் சொல்பவர்களிடம் “கவலைப்படாதீர்கள், ஆள் வருவார்” என்று தான் சொல்லிவந்தது, அந்த மொழியில் “கவலைப்படாதீர்கள், புருஷன் வருவார்” என்று கேட்கும் என்பதை டீச்சர் அப்போதுதான் தெரிந்துகொண்டார். அன்று பிடித்துக்கொள்ளப் பலகை இல்லாததால் குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அதற்கும் சக்கரம் உண்டு.

மகள் அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேரும் கூச்சலாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். சண்டையா, பாடமா என்று வாசலில் நின்று கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். பெரும்பாலும் பாடம்.

நல்ல வருடங்கள். அவற்றைப் பற்றி இன்னும் எவ்வளவோ சொல்லலாம்.

நோய் வந்தது. வேகமாக வந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆஸ்பத்திரியில் பழைய நர்ஸ்தான் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் குனிந்து, வலி எங்கே என்று கேட்டார். டீச்சர் கண்ணைத் திறந்தார். “வலியா, வழியா? தெளிவாச் சொல்லுங்க” என்றார். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். திரும்பி நின்றது சிரிப்பை மறைக்க இல்லை.

டீச்சர் போன பிறகு வகுப்புக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடிக்காரர் தானே மாடிக்கு ஏறினார். தரை வழக்கம்போல வெதுவெதுப்பாக இருந்தது. பலகையைத் தொடாமல் அதன் பக்கத்தில் நின்று, உதட்டைத் துடைத்து, “நம்ம டீச்சர் போயிட்டாங்க” என்றார். யாரும் அதில் திருத்த ஒன்றும் காணவில்லை.

சில நாள் கழித்து அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகியது. மகள் தன் கருவிப்பையோடு வந்தாள். கண்ணாடிக்காரர் டார்ச் பிடித்தார். அவள் பழைய வாஷரைக் கழற்றிப் புதியதைப் போட்டு இறுக்கினாள். முடிந்ததும் கண்ணாடிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோரம் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்:

“டீச்சர், குழாயை நாம சரி பண்ணிட்டோம்.”

“நாங்க” என்றாள் மகள். யோசித்துச் சொன்னதில்லை. அம்மாவின் வாய் அது. அம்மா குழாயைத் தொடவில்லை. இலக்கணப்படி நாங்கதான் சரி.

“இல்லைம்மா” என்றார் கண்ணாடிக்காரர். “நாம.”

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னால் தொட்டியில் சொட்டென்று ஒரு சத்தம். சற்று நேரம். மறுபடி சொட்டு. இருவரும் திரும்பிக் குழாயைப் பார்த்தார்கள்.

“நாம சரியாப் பண்ணலை போலிருக்கு” என்று சொல்லிவிட்டு மகள் மறுபடி ஸ்பானரை எடுத்தாள்.